மூச்சு வாங்கும் முன்பே

(செம்பட்டியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



டாக்டராச்சே, உடம்பைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். இதயச் செயலிழப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பேரைக் கேட்டதும் இதயம் நின்றுபோனது என்று பயந்துவிடாதீர்கள். இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். இறைக்கிற வலு குறைந்துவிடும். மடை அடைபட்டால் வாய்க்கால் தண்ணீர் பின்னுக்கு ஏறி வரப்பில் கசியுமே, அதுபோல இரத்தம் பின்னால் தேங்கி, அழுத்தம் ஏறி, நுரையீரலில் நீர் கசிகிறது. இது கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் அல்ல. அது சரியாக இருக்கும்போதே உள்ளே இது ஏறிக்கொண்டிருக்கலாம்.

உள்ளழுத்தத்தை அளக்க வழி திறந்தவர் ஜெர்மனியின் வெர்னர் ஃபோர்ஸ்மான். 1929-ல் தன் கை நரம்பு வழியாகத் தன் இதயத்துக்கே குழாயைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். 1956-ல் நோபல் பரிசு பெற்றார். 1970-ல் ஸ்வான், கான்ஸ் என்ற இருவர் நுனியில் பலூன் வைத்த குழாயைக் கொண்டுவந்தார்கள். இரத்த ஓட்டமே அதை நுரையீரல் தமனிக்கு இழுத்துப் போகும். அழுத்தம், ஓட்டம் இரண்டும் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான் முடியும்.

பிறகு, பேப்பர் கிளிப் அளவில், பாட்டரியே இல்லாத கருவி வந்தது. தமனிக்குள் வைத்துவிட்டால், வீட்டில் படுத்தபடியே அளவு டாக்டருக்குப் போய்விடும். அமெரிக்காவில் 550 பேரிடம் நடத்திய ஆய்வு 2011-ல் வெளியானது. அளவைப் பார்த்து மருந்தை மாற்றியதில், ஆஸ்பத்திரியில் சேர்வது நன்றாகவே குறைந்தது. காரணம், மூச்சு வாங்குவதற்குப் பல நாள் முன்பே அழுத்தம் ஏறத் தொடங்கிவிடுகிறது.

"அதெல்லாம் நம்ம செம்பட்டிக்கு எப்போ வர்றது?" என்பீர்கள். அதுவரை, இதய நோயாளி உள்ள வீட்டில் ஓர் எடை மெஷின் போதும். காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுமுன் நின்று பார்த்து நோட்டில் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

"மூணு தலையணை வச்சாத்தான் தூக்கம் வருது, வாய்வா இருக்கும்" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கிறார்கள். நடுராத்திரியில் காரைப் பிடித்துத் திண்டுக்கல்லுக்கு ஓடுகிறார்கள். கால் வீக்கம் வற்றியதும் நீர் மாத்திரையைத் தானாக நிறுத்துகிறவர்களும் உண்டு. அது கூடாது. ஊறுகாய், கருவாடு, அப்பளத்தையும் குறையுங்கள்.

2013-ல் திருவனந்தபுரத்தில் இந்நோயால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1205 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓராண்டுக்குள் பத்தில் மூன்று பேர் இறந்துபோனார்கள். நம் செட்டில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியாயிற்று. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். அடுத்த சந்திப்புக்கும் எல்லோரும் வந்து சேர வேண்டும்.