மட்டாஞ்சேரியில் உணவு விடுதிகள்

ஊர்விட்டு ஊர் சென்று வேலை பார்க்கும் தமிழருக்கு முதல் மாதத்தில் நேரும் துன்பங்களுள் வயிற்றைப் பற்றியதே பெரியது. தங்க இடம் எப்படியோ கிடைத்துவிடும். மொழியும் மெல்ல மெல்ல நாவில் பழகிவிடும். உணவு மட்டும் நாள்தோறும் மூன்று முறை புதிதாக எழும் கேள்வி. குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் வரையில் கடைத்தெருவே அவருக்கு அடுக்களை. கொச்சியின் பழைய பகுதியாகிய மட்டாஞ்சேரியையும் அதை ஒட்டிய கோட்டைக் கொச்சியையும் எடுத்துக்கொண்டு, அங்கே வெளியில் உண்பது எப்படி என்பதைப் பற்றிச் சில செய்திகள் சொல்ல விரும்புகிறேன்.

மட்டாஞ்சேரி அளவில் சிறியது. ஆயினும் அதன் தெருக்களில் நடப்பவர் சில நாழிகைக்குள் பல தேசங்களின் தாளிப்பு மணத்தை நுகர்ந்துவிடலாம். மிளகும் இஞ்சியும் ஏலமும் வாங்க வந்தவர்கள் இங்கேயே தங்கினார்கள். யூதர்கள் 1568-இல் கட்டிய தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. கோவாவில் போர்த்துகீசியரின் கொடுமைக்கு அஞ்சி வந்த கொங்கணியர் குடியேறினர். குஜராத்திலிருந்தும் கச்சிலிருந்தும் வணிகர் வந்தனர். நம்மவரும் உண்டு. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுப்பதற்கென்று தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார்களின் வழித்தோன்றல்கள் கோட்டைக் கொச்சியில் வேளி என்னும் இடத்தில் இன்றும் தமிழ் பேசி வாழ்கின்றனர். இத்தனை பேரும் தத்தம் வீட்டுச் சமையலை மறக்கவில்லை. ஆகவே, இவ்வூரில் 'உள்ளூர் உணவு' எது என்று எவரும் கேட்டால் விடை சொல்வது கடினம்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழும் மலையாளமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அதனாலேயே குழப்பம் மிகுதி. 'வெள்ளம் வேணுமோ?' என்று பரிமாறுபவர் கேட்டால் அஞ்ச வேண்டாம், அவர் சொல்வது குடிக்கும் தண்ணீரை. அந்தத் தண்ணீரும் இளஞ்சிவப்பாக இருக்கும். பதிமுகம் என்னும் மரத்தின் உட்கட்டைச் சீவலை இட்டுக் காய்ச்சியது. புதிதாக வருபவர் அதைக் கண்டு கறை நீர் என்று ஒதுக்கிவிட்டுக் காசு கொடுத்துப் புட்டித் தண்ணீர் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சிய நீரே நலம் தரும் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். நம்முள் பலருக்குக் 'கறி' என்றால் இறைச்சி. அங்கே சோற்றோடு சேர்த்துக்கொள்ளும் எந்தக் குழம்பும் கறிதான். எனவே புலால் உண்ணாதவர் கறி என்ற சொல்லைக் கேட்டு எழுந்துவிட வேண்டியதில்லை. உண்பவர் கறி வந்ததென்று மகிழ்ந்துவிடவும் வேண்டியதில்லை. 'போத்து' என்றால் எருமை இறைச்சி. அதை விலக்குபவர்கள் இச்சொல்லை முதல் நாளே அறிந்துகொள்வது நல்லது. தேநீரோடு கொறிக்கும் பண்டத்துக்குக் 'கடி' என்று பெயர். 'சாயாவும் கடியும்' என்று கேட்டால் பழம்பொரியோ பருப்பு வடையோ வரும்.

கடைவாசலில் 'ஊணு ரெடி' என்று எழுதியிருப்பதைக் காணலாம். ஊண் நமது பழந்தமிழ்ச் சொல்லே. சோறு என்பதையும் அவர்கள் கைவிடவில்லை. நகரத்துத் தமிழர்தாம் அதைச் 'சாதம்' ஆக்கி, பின்பு 'ரைஸ்' ஆக்கினோம்! சோறு பெரும்பாலும் மட்டை அரிசி என்னும் சிவந்த, பருத்த அரிசியில் ஆனது. பொன்னி அரிசிக்குப் பழகிய வயிறு நான்கைந்து நாள் முரண்டு பிடிக்கும். தேங்காயெண்ணெயும் அப்படியே. நல்லெண்ணெய் மணம் வரவில்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்தால் பயன் இல்லை. பசி வேளையில் சென்று, மோர்க் கறியில் தொடங்கி, தோரனையும் பப்படத்தையும் சேர்த்து உண்டு பாருங்கள். இரண்டாம் வாரத்தில் நாக்கு தானே இணங்கிவிடும்.

மீனில் மட்டும் ஓர் எச்சரிக்கை. கோட்டைக் கொச்சிக் கடற்கரையில் சீன வலைகளின் அருகே மீன் விற்கும் தட்டுகள் உண்டு. அங்கே மீனை வாங்கி, பக்கத்துக் கடையில் கொடுத்தால் கூலி பெற்றுக்கொண்டு சமைத்துத் தருவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வலையில் விழுவது இப்போது கொஞ்சமே. தட்டில் இருப்பதெல்லாம் அந்த வலையில் அன்று காலை அகப்பட்டது என்று எண்ண வேண்டாம். கண் தெளிந்து, செவுள் சிவந்து, விரலால் அழுத்தினால் சதை மீண்டெழுகிறதா என்று பாருங்கள். மீனின் விலை, எடை, சமையல் கூலி மூன்றையும் முன்னதாகவே பேசி முடித்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. குடம்புளி என்னும் கறுத்த புளியிட்ட மீன் கறி சில மணி நேரம் ஊறிய பிறகே சுவை பெறும். ஆகவே சாதாரண ஊண் கடையில் காலையில் வைத்து நண்பகலில் பரிமாறும் மீன் கறி பலமுறை இதைவிடச் சிறப்பாக இருக்கும், விலையும் குறைவு.

மட்டாஞ்சேரிக்கு வெளியூர்க்காரர் தேடி வருவது பிரியாணிக்காக. புதிய சாலை என்னும் தெருவில் ரஹ்மத்துல்லா ஓட்டல் என்றொரு கடை 1948 முதல் இருந்து வருகிறது. நிறுவியவரின் பெயரால் 'காயிக்கா கடை' என்றால்தான் மக்களுக்குத் தெரியும். 'இக்கா' என்பது அங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறை. கொச்சியின் பிரியாணியில் கைமா என்னும் பொடி அரிசி இடுவார்கள். நமது சீரகச் சம்பாவின் உறவு என்று சொல்லலாம். மூடியின் மேல் தணலிட்டு 'தம்' வைப்பார்கள். ஆம்பூர், திண்டுக்கல் காரத்தை அதில் தேடக்கூடாது. அரிசியில் நெய்யின் வாசனையும், வறுத்த வெங்காயத்தின் இனிப்புமே முன்னிற்கும். உண்ட பின் எலுமிச்சை பிழிந்த, பாலில்லாத சுலைமானித் தேநீர்.

புலால் உண்ணாதார்க்கும் குறைவில்லை. குஜராத்தித் தெருவில் காட்டியாவும் ஜிலேபியும் கிடைக்கும். அத்தெருவின் சமணர் கோயிலில் நண்பகலில் புறாக்களுக்குத் தானியம் இறைக்கிறார்கள். ஊரில் நேரம் தவறாமல் உண்பவை அவைதாம் போலும். கொங்கணியர் பெருங்காயம் தாளித்துச் செய்யும் 'தாளிதோய்' என்னும் பருப்பு, நம் வீட்டுப் பருப்புச் சோற்றை நினைவூட்டும். விடுதியில் அது எளிதில் கிட்டாது. கொங்கணி நண்பர் வீட்டுக்கு அழைத்தால் மறுக்காமல் செல்லுங்கள்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. யார் யாருடன் அமர்ந்து உண்பது என்பது இந்நாட்டில் நெடுங்காலம் சாதியின் கையில் இருந்தது. தமிழ்நாட்டு விடுதிகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்க்குத் தனி இடம் என்றிருந்ததை நம் முன்னோர் அறிவர். கொச்சியில் நிலைமை இன்னும் கொடியது. மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில் உள்ள வைப்பின் தீவில் செறாய் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே 1917 மே 29 அன்று சகோதரன் அய்யப்பன் என்னும் ஈழவ இளைஞர், புலையர் சமூகத்தாரோடு தம் நண்பர்களை ஒரே பந்தியில் அமர்த்தி உணவருந்தச் செய்தார். கலந்துண்டார்கள் என்பதற்காகவே ஊர் கொதித்தது. சொந்தச் சமூகத்தாரே அவரை ஒதுக்கினர். 'புலையன் அய்யப்பன்' என்று இகழ்ந்தார்கள்; அவர் அப்பெயரைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

1950-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பின் 15-ஆம் விதி, சாதி, மதம், பால் முதலியவற்றின் பேரில் எவரையும் உணவு விடுதியில் நுழையவிடாமல் தடுக்கக்கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் 'பிறந்த இடம்' என்ற சொல்லும் இருக்கிறது. வெளிமாநிலத்தில் வாழ்வோர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிமெண்டுப் புழுதி படிந்த சட்டையோடு வரும் கட்டடத் தொழிலாளியை வெளித் திண்ணையில் உட்காரச் சொல்லும் கடை எங்கேனும் இருக்குமானால், அவர் தமிழரோ வங்காளியோ, உள்ளே வந்து மேசையில் அமரும் உரிமை அவருக்கு உண்டு. பக்கத்து மேசையில் இருப்பவர் ஒரு சொல் அவருக்காகச் சொன்னால் அந்த உரிமைக்கு வலு கூடும். காப்பி போர்டு தன் காப்பிக் கடைகளை மூடியபோது வேலையிழந்த பணியாளர்கள், ஏ.கே. கோபாலன் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கம் அமைத்து 1958 மார்ச் 8 அன்று திருச்சூரில் கேரளத்தின் முதல் இந்தியா காப்பி ஹவுஸைத் திறந்தார்கள். நீதிபதியும் சுமை தூக்குபவரும் அங்கே ஒரே விலையில் பீட்ரூட் கட்லெட் உண்கிறார்கள். எர்ணாகுளத்திலும் அதன் கிளை உண்டு. நம் நாட்டுக் காப்பி நினைவு வந்தவர்கள் படகேறிச் சென்று வரலாம்.

காசு சுருக்கமாக உள்ளவர்களுக்குக் குடும்பஸ்ரீ பெண்கள் நடத்தும் ஜனகீய ஓட்டல்கள் துணை. 2020-இல் தொடங்கியபோது ஓர் ஊணுக்கு 20 ரூபாய். 2023-இல் அரசு மானியம் நின்றபின் விலை ஏறியது. ஏறினாலும் மற்ற கடைகளைவிடக் குறைவே.

பொட்டலமாக வாங்கி அறைக்குக் கொண்டுசெல்லும் வழக்கம் நம் இளைஞரிடையே மிகுதி. நஞ்சான உணவால் உயிரிழப்புகள் நேர்ந்ததை அடுத்து, 2023 ஜனவரியில் கேரள அரசு ஓர் ஆணை இட்டது. பொட்டலத்தின் மேல் தயாரித்த நாளும் நேரமும், எவ்வளவு நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்பதும் ஒட்டப்பட வேண்டும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸ் கூடாது. அந்தச் சீட்டு இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கைப்பேசியில் எத்தனை நட்சத்திரம் என்று எண்ணுவதைக் காட்டிலும் இது பயனுள்ள வேலை. இரவில் வாங்கிய பிரியாணியைக் காலைக்கு எடுத்துவைப்பதையும் விட்டுவிடுங்கள். கடற்கரை ஊரின் வெப்பமும் ஈரமும் சோற்றை விரைவில் கெடுத்துவிடும். பிரியாணி விருப்பம் உள்ளவர்கள் நண்பகலிலேயே கடைக்குச் சென்று சூடாக உண்பது நல்லது. பிற்பகல் சாய்ந்து போனால் அண்டா கவிழ்ந்திருக்கும்.