தோட்டத்துக் கோயிலுக்கு ஒரு படம் இருக்கிறதா?

விக்டோரியா மகாராணியார் காலத்தில் தேவாலயங்களையும் கோயில்களையும் படமெடுத்தவர்களைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். ஈப்போவில் இருக்கும் நமக்கு அது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். பேச்சு நம்முடைய பால்மரக் காட்டுக்குத்தான் வந்து சேரும்.

புகைப்படக்கலை 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்துப் படப்பெட்டியில் ஒரு படம் பதிவாகப் பல விநாடிகள் ஆகும், சில சமயம் பல நிமிடங்கள் கூட ஆகும். அத்தனை நேரம் குழந்தை நிற்காது, குதிரை நிற்காது. கல் கட்டடம் நிற்கும். தேவாலயங்கள் அந்தப் படக்காரர்களுக்குப் பிடித்துப்போனதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. பழைய கட்டடங்கள் இடிந்துகொண்டிருந்தன. 1851-இல் பிரெஞ்சு அரசாங்கம் ஐந்து படக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, நாட்டின் பழைய தேவாலயங்களையும் கோட்டைகளையும் படமெடுத்து வரச் சொன்னது. எதற்கு முதலில் மராமத்து தேவை என்று பார்த்து முடிவு செய்வதற்காக. இங்கிலாந்தில் ரோஜர் ஃபென்டன் என்பவர் லிங்கன், சாலிஸ்பரி போன்ற ஊர்களின் பெரிய தேவாலயங்களைப் படமெடுத்தார். கிரைமியப் போரைப் படமெடுத்தவரும் இவர்தான்.

அதே ஆண்டுகளில் நம் முன்னோர் ஊரிலும் ஒருவர் இந்த வேலையைச் செய்தார். பெயர் லின்னேயஸ் டிரைப். சென்னைப் படையில் அதிகாரி. 1856-இல் சென்னை மாகாண அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 கடைசியில் புறப்பட்டு, 1858-இல் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மெழுகேற்றிய காகிதம்தான் அவருக்கு ஃபிலிம். அதுவும் ஓரடிக்கு மேல் நீளமானது. பெட்டி, மருந்து, காகிதம் எல்லாவற்றையும் அந்த வெயிலில் கட்டிச் சுமந்துகொண்டு போயாக வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. கோபுரத்தையும் நந்தியையும் எடுத்ததோடு அவர் நிற்கவில்லை. விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக, ஒன்றையடுத்து ஒன்றாகப் படமெடுத்தார். மொத்தம் 21 படங்கள். ஒட்டி நீட்டினால் ஏறக்குறைய 19 அடி. அந்தக் கோயிலைக் கட்டியவர் யார் என்பதே வரலாற்று உலகத்துக்கு அப்போது தெளிவாகத் தெரியாது. 1886-இல் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டு அறிஞராக ஹுல்ஷ் வந்து, அந்த எழுத்துகளைப் படித்த பிறகுதான் ராஜராஜ சோழன் பெயர் உறுதியானது. படிக்கும் ஆள் வருவதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே படம் தயாராக இருந்தது!

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலையும் அவர் எடுத்தார். பாழடைந்து கிடந்த மகால் அது. பிறகு 1866-இல் ஆளுநராக வந்த நேப்பியர் பிரபு காலத்தில் அது செப்பனிடப்பட்டது. செப்பனிடுவதற்கு முந்திய நிலையைப் பார்க்க வேண்டுமானால் இன்று டிரைப்பின் படங்களைத்தான் தேடிப் போக வேண்டும். ஆனால் அவர் வேலை நீடிக்கவில்லை. 1859-இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன், கஜானா இருக்கும் நிலையில் இந்த ஆடம்பரம் தாங்காது என்று நிறுத்திவிட்டார். எந்த நாட்டில்தான் இந்தக் கதை இல்லை!

இப்போது நம் பேராக்குக்கு வருவோம். பத்து காஜா பக்கத்தில் கெல்லி மாளிகை இருக்கிறதே, அதைப் படமெடுக்காத சுற்றுப்பயணி இருக்க மாட்டார். சற்றுத் தள்ளி, கெல்லி ஸ்மித் தன் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கட்டிக்கொடுத்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஸ்பானியக் காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போன காலத்தில், அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டதாக வரலாறு. சாமி சிலைகளுக்கு நடுவே அங்கே ஒரு துரை உருவமும் உண்டு. அதை எத்தனை பேர் படமெடுத்திருப்பார்கள்?

அதற்காவது மாளிகையின் புகழ் துணைக்கு இருக்கிறது. மற்றத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. லயம் இடிந்தது. முனீஸ்வரர் ஒரு மூலைக்குப் போனார், மாதா கோயிலின் மணி வேறு ஊருக்குப் போனது. ஐம்பது ஆண்டுகள் தீமிதி நடந்த இடம் எதுவென்று பேரப்பிள்ளைக்குக் காட்ட ஒரு படம் கிடையாது. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை தோளுக்குப் பின்னால் கோயிலின் அரைத் தூண் தெரியும், அவ்வளவுதான். கும்பாபிஷேகத்துக்குத் திருப்பணி செய்யும்போதும் இதே கதைதான். பழைய சுதையை உடைத்துப் புதிது வைப்போம். பழையது எப்படி இருந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வோம்.

டியூப் லைட்டில் 'உபயம்' என்று எழுதி வெளிச்சத்தையே மறைக்கிறார்கள் என்று நாம் கேலி செய்வோம். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள், ஐயா. ராஜராஜன் கல்வெட்டில் இருப்பதும் பெரும்பாலும் உபயக் கணக்குதான். யார் என்ன கொடுத்தார் என்பதோடு, ஆடல் பெண்கள் 400 பேர் பெயரும் எந்தத் தெருவில் எந்த வீடு என்பதும் அதில் இருக்கிறது. தோட்டத்துக் கோயில் சுவரில் பதித்த உபயக் கல்லில் பால் வெட்டியவர் பெயர் இருக்கும், கங்காணி பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும். அந்த மனிதர் பெயர் பொது இடத்தில் எழுதப்பட்டது அந்த ஒரே கல்லில்தானோ என்னவோ. இடிக்கும்போது முதலில் நொறுங்குவதும் அதுதான்.

நிலம் கைமாறி, கோயில் எப்போதிருந்து அங்கே இருக்கிறது என்ற பேச்சு வரும்போது, வாய்ச்சொல்லைவிடத் தேதியிட்ட படத்துக்கு மதிப்பு அதிகம்.

இன்று எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. டிரைப்பைப் போல மெழுகுக் காகிதம் சுமக்க வேண்டாம். ஆனால் திருவிழா அன்று மட்டும் எடுத்தால் கூட்டம்தான் விழும், கோயில் விழாது. ஆளில்லாத ஒரு காலை நேரத்தில் போங்கள். நான்கு பக்கமும் எடுங்கள். உபயக் கற்களை, எழுத்து தெளிவாகத் தெரியும்படி, இடமிருந்து வலமாக ஒன்றுவிடாமல் எடுங்கள். கிறிஸ்தவ அன்பர்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தையும், அதன் பக்கத்துக் கல்லறைப் பெயர்களையும் அப்படியே எடுக்கலாம். தோட்டத்தின் பெயரையும் தேதியையும் படத்தோடு எழுதி வையுங்கள். ஒரு பிரதியைக் கோயில் நிர்வாகத்திடமும் இன்னொன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமும் கொடுங்கள். வீட்டில் கறுப்பு வெள்ளைப் படம் வைத்திருக்கும் பாட்டி இருந்தால், முதலில் அவரிடம் போய் உட்காருங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். கோயில் படத்தை அடுத்த வாரம் எடுக்கலாம்.