இல்லாத மொழிக்கு எத்தனை காவலர்!

(பேசின் பிரிட்சு இளைஞர் படிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாயப்புனைவுத் தொடர்களின் சுவைஞர் குழுக்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டனர். தனித்தமிழ் மேடைக்கும் மந்திரக் கோலுக்கும் பறக்கும் பாந்தளுக்கும் என்ன தொடர்பு என்று மூத்தோர் சிலர் முகம் சுளித்தனர். இருவருக்கும் சொல்ல வேண்டியது எனக்கு உண்டு. முதலில் மூத்தோரிடம் பேசி, பிறகு இளைஞரிடம் வருகிறேன்.

இவ்விளைஞர்கள் உலகெங்கும் உள்ள தம்மையொத்த சுவைஞரோடு கூடி என்ன செய்கிறார்கள் என்பதை நீங்கள் உற்று நோக்கியதுண்டா? வெறும் கதையளப்பு என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே நடப்பவற்றுள் தலையானது மொழித்தொண்டு! ஆம், எந்த நாட்டிலும் எந்தத் தாயும் தன் மகவுக்குத் தாலாட்டுப் பாடியிராத மொழிகளுக்கு அவர்கள் இலக்கணம் ஆய்கிறார்கள். அகரமுதலி தொகுக்கிறார்கள். ஒருவர் வேர்ச்சொல்லைப் பிழையாகக் காட்டினால் மற்றவர் சான்று கேட்கிறார்.

இம்மொழிகளுள் புகழ்பெற்றவை இரண்டு. அவை குவென்யா, சிண்டாரின் என்பன. அவற்றைப் புனைந்தவர் ஆங்கில எழுத்தாளர் தோல்கீன். 1892இல் பிறந்து 1973இல் மறைந்தவர். 1937இல் 'ஆபிட்டு' என்னும் கதையையும், 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் 'கணையாழிகளின் தலைவன்' எனப் பொருள்படும் பெரும்புனைவையும் வெளியிட்டவர். அவருடைய மொழிகளை ஆய்வதற்கென்றே சுவைஞர் நடத்தும் இதழ்கள் 1971இலும் 1988இலும் தோன்றின. அவர் விட்டுச் சென்ற கையெழுத்துப் படிகளில் ஒரு வேற்றுமை உருபு எப்படி மாறிற்று என்று அவ்விதழ்கள் பக்கம் பக்கமாக ஆய்கின்றன.

இன்னொன்று, 2011இல் தொடங்கிய 'அரியணை ஆட்டம்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். மூலநூலில் சில சொற்களே இருந்தன. பீட்டர்சன் என்னும் மொழியியலார் அவற்றைக் கொண்டு முழு மொழிகளையே படைத்தார். அவற்றுள் ஒன்றான உயர்வேலிரியத்தைத் துவோலிங்கோ என்னும் மொழிபயில் செயலி 2017இல் பாடமாகவே வைத்தது. கதைக்குள் மட்டும் வாழும் ஒரு பேரரசின் மொழியைக் கற்க உயிருள்ள மாந்தர் வரிசையில் நிற்கின்றனர்.

இதைக் கண்டு நகைப்பதா? நான் நகைக்க மாட்டேன். தனித்தமிழ் என்றவுடன் நம்மீது வீசப்படும் கணைகளை எண்ணிப் பாருங்கள். 'புதுச்சொல் புழக்கத்தில் ஏறாது', 'வேர்ச்சொல் பார்ப்பது வெறி', 'பிறமொழி கலவாமல் பேசுவது இயற்கைக்கு மாறானது' என்கிறார்கள். ஐயா, ஓர் ஆளும் பேசாத மொழியில் புதுச்சொல் ஏறுகிறது! வேர் பார்த்தல் அங்கே வெறியன்று, விளையாட்டு. அன்பிருந்தால் முடியும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று நமக்கு வேண்டுமா? நம்மை எள்ளியவர்களின் வாயை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே அடைத்துவிட்டார்கள்.

இனித் தோல்கீன் யார் என்று பாருங்கள். அவர் பொழுதுபோக்குக்காகக் கதை எழுதியவர் அல்லர். ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். அதற்கு முன் 1919, 1920ஆம் ஆண்டுகளில் ஆக்சுபோர்டு ஆங்கில அகரமுதலிப் பணியில் அமர்ந்து சொற்களின் வேர் தேடியவர். நம் மொழிஞாயிறு பாவாணர் 1974இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தில் 1981இல் மறையும் வரை எப்பணியில் ஈடுபட்டாரோ, அப்பணியின் ஆங்கில இணை அது. பின்னிய மொழியின் ஒலியழகில் மயங்கிக் குவென்யாவையும், வேல்சு மொழியின் ஒலியழகில் மயங்கிச் சிண்டாரினையும் அவர் அமைத்தார். அவருக்கு மொழியே முதலில் பிறந்தது. அம்மொழியைப் பேச மக்கள் வேண்டும், அம்மக்களுக்கு ஒரு வரலாறு வேண்டும் என்றே கதை பின்னால் பிறந்தது.

அவர் வகுத்த எழுத்து முறையையும் நோக்குங்கள். ஒலி பிறக்கும் இடத்தையும் பிறக்கும் முயற்சியையும் கொண்டு எழுத்துகளை வரிசைப்படுத்தினார். இதைக் கண்டு வியக்கும் தமிழ் இளைஞனே, எழுத்துகளின் பிறப்பிடத்தையும் முயற்சியையும் தொல்காப்பியர் பிறப்பியலில் முன்பே வகுத்துவைத்தார் என்று உனக்கு யாரேனும் சொன்னார்களா?

மற்றொரு செய்தி நமக்கு மிகத் தேவையானது. அவர் நூலை இடச்சு மொழியிலும் சுவீடிய மொழியிலும் பெயர்த்தவர்கள் பெயர்களைக் கையாண்ட முறை அவருக்கு மனநிறைவு தரவில்லை. ஆகவே மொழிபெயர்ப்பாளர்க்கென்று தனியே ஒரு பெயர்விளக்கக் குறிப்பு எழுதினார். 1975இல் அஃது அச்சேறியது. ஆங்கில வேரில் அமைந்த இன்னின்ன பெயர்களை அப்படியே ஒலிபெயர்க்காதீர்கள், உங்கள் மொழியில் பொருள்பெயருங்கள் என்பதே அதன் உயிர்க்கருத்து. ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் அதன் அழகு கெடும் என்பார் கேட்கட்டும். அப்பெயரைப் படைத்தவரே ஆக்கச் சொல்கிறார்!

அவர் பெரிதும் விரும்பிய இன்னொரு மொழி பழைய ஐசுலாந்து மொழி. அதன் பழங்கதைகளை மூலத்திலேயே படிப்பதற்கு 1926இல் ஆக்சுபோர்டில் ஒரு படிப்பு வட்டம் கூட்டினார். அவ்வைசுலாந்து மக்கள் கணிப்பொறிக்குப் பெயர் தேடியபோது என்ன செய்தார்கள்? எண்ணைக் குறிக்கும் சொல்லையும், பழங்கதைகளில் வரும் குறிசொல்பவளைக் குறிக்கும் சொல்லையும் இணைத்துத் 'தால்வா' என்று தம் சொல்லை ஆக்கினார்கள். எண்ணால் குறி சொல்பவள்! பழங்கதை அவர்களுக்குப் பழம்பெருமை பேச மட்டும் பயன்படவில்லை. புதுப்பொருளுக்குப் பெயர் தரும் சுரங்கமாகப் பயன்பட்டது. மக்கள்தொகை ஏறத்தாழ நான்கு நூறாயிரமே உள்ள நாடு அது. கோடிக்கணக்கில் இருக்கும் நாம் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்?

இளைய தோழர்களே, இனி உங்களிடம் வருகிறேன்.

2015இல் வெளிவந்த 'பாகுபலி' திரைப்படத்திற்காகக் கிளிக்கி என்னும் புனைமொழியைப் பாடலாசிரியர் மதன் கார்க்கி ஆக்கினார். தமிழர் ஒருவரின் அறிவுத்திறன் அது. அதனை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அம்மொழி பொதுமக்கள் பயில விரித்து வெளியிடப்பட்ட நாள் எது? 2020 பிப்பிரவரி 21. அஃது உலகத் தாய்மொழி நாள்! 1952இல் தாக்கா நகரில் வங்கமொழிக்காகக் குருதி சிந்திய மாணவர் நினைவாக அமைந்த நாள். அந்நாளில் புனைமொழி கற்கக் கிளம்பிய தமிழ் இளைஞருள் எத்தனைப் பேர் அன்றே தம் தாய்மொழியில் ஒரு பக்கம் பிழையின்றி எழுதினர்?

நீங்கள் புனைமொழியில் பன்மை விகுதி தவறினால் நாணுகிறீர்கள். தமிழில் வல்லினம் மிகும் இடம் தவறினால் 'அதனால் என்ன?' என்கிறீர்கள். இதற்குக் கரணியம் உங்களிடம் அன்பில்லாமை அன்று. தமிழ் உங்களுக்கு மதிப்பெண்ணாக வந்தது. புனைமொழியோ ஓர் உலகமாக வந்தது. தேர்வுத்தாளை யார் காதலிப்பர்? ஆகவே, தமிழையும் உலகமாகப் பெறுங்கள் என்று அழைக்கிறேன்.

அவ்வுலகம் நம்மிடம் இல்லையா? புகார் நகரின் சதுக்கத்தில் நின்ற பூதம் சிலப்பதிகாரத்தில் இல்லையா? உறங்கும் மணிமேகலையைத் தூக்கிக்கொண்டு கடல்மேற் பறந்த தெய்வமும், எடுக்க எடுக்கக் குறையாத உண்கலமும், தீராப் பசியாகிய யானைத்தீயால் துன்புற்ற காயசண்டிகையும் மணிமேகலையில் இல்லையா? மலையுறை அணங்கும் சூரும் கழக நூல்களில் இல்லையா?

சுவைஞர் ஆய்வாளர் ஆவதும் நமக்குப் புதிதன்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கிழமைதோறும் வந்தபோது, இதழ்ப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துக் கட்டடம் செய்து காத்த குடும்பங்கள் எத்தனை! அக்கதையில் மயங்கியவர் பலர் பின்னாளில் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிய உடையார்குடிக் கல்வெட்டைத் தேடிச் சென்றனர். கல்கியின் நடை நம் நடையன்று. அதில் வடசொல் மிகுதி. ஆயினும் கதையின்பம் கல்வெட்டு வரை கைபிடித்து அழைத்துச் செல்லும் என்பதை நாம் மறுக்க இயலாது.

எனவே ஒரு வேலை தருகிறேன். நீங்கள் விரும்பும் தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் பெயர்களைப் படைத்தவர் விரும்பியவாறே தமிழாக்குங்கள். மலைப்பிளவில் மறைந்திருக்கும் ஊர் 'ரிவெண்டெல்'. பிளவுண்ட பள்ளத்தாக்கு என்பது அதன் பொருள். மலைப்பிளவுக்குக் கழக நூல்கள் தந்த சொல் விடர். 'விடரகம்' என்று சொல்லிப் பாருங்கள், குளிர் தெரியவில்லையா? சாம்பல்நிறக் குதிரையின் பெயரில் உள்ள உறுப்புகள் நிழலும் பிடரிமயிரும். குதிரையின் பிடரிமயிர் நம் பழஞ்சொல்லில் உளை. ஆகவே 'நிழலுளை'. தீயுமிழும் பெரும்பாம்பு 'அழற்பாந்தள்'. கோலேந்திய முதியவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வேர் அறிவுடைமை. நம்மிடமோ 'அறிவர்' என்னும் தொல்காப்பியச் சொல் ஆயத்தமாக இருக்கிறது.

இவ்வமெரிக்கத் தொடர்கள் இன்று தமிழ்க்குரலிலும் வருகின்றன. தோல்கீன் கதையுலகை ஒட்டிய தொடர் 2022 செப்டம்பரில் தமிழிலும் வெளிவந்தது. நல்ல தமிழ்ச்சொல்லை நீங்கள் ஆக்கி வைத்தால் நாளை உரையாடல் எழுதுவோர் எடுத்தாள்வர். நீங்கள் ஆக்காவிடில் ஆங்கிலமே தமிழ் வாயில் நுழையும்.

திங்களுக்கு ஒருமுறை கூடுங்கள். ஒருவர் சொல்லை முன்வைக்கட்டும். மற்றவர் வேர் கேட்கட்டும். வேர் காட்ட முடியாத சொல்லைத் தள்ளுங்கள். பிழை செய்தவரை நகையாதீர்கள். மூத்தோரே, நீங்களும் வந்து அமருங்கள். அவர்கள் கதையைப் பழிக்க அன்று, அவர்கள் கேட்கும்போது பழஞ்சொல்லை எடுத்துக் கொடுக்க வாருங்கள். பிள்ளைகள் தேடும் சொல் உங்கள் நினைவில் கிடந்து மண்ணாவது யாருக்கு இழப்பு?

நாம் கூடியிருக்கும் இவ்விடத்தின் பெயரே ஆங்கிலம். 1806இல் எண்ணூர் வரை வெட்டப்பட்ட உப்புநீர்க் கால்வாயின் நீர்ப்படுகையும் அதன் பாலமும் இப்பெயரைத் தந்தன. படகுகள் போய்விட்டன. பெயர் மட்டும் நம் நாவில் கட்டுண்டு கிடக்கிறது. கதையில் வரும் ஊருக்குத் தமிழ்ப்பெயர் காணப் பழகிய நாக்கு, ஒருநாள் வாழும் ஊருக்கும் தமிழ்ப்பெயர் கேட்கும். அதற்காகவே இப்பயிற்சி.

இங்கிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கிறது மூலக்கொத்தளம் இடுகாடு. இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு, 1939 சனவரி 15இல் உயிர்நீத்த நடராசனும், அவ்வாண்டு மார்ச்சில் உயிர்நீத்த தாளமுத்துவும் அங்கே உறங்குகிறார்கள். அவர்கள் காத்தது புனைமொழி அன்று. நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கும் மொழி. அவர்கள் சிறைப்பட்டு விலை கொடுத்துவிட்டார்கள். உங்களிடம் கேட்பது உயிர் அன்று. திங்களில் ஒரு மாலை, ஒரு கையேடு, வேர் தேடும் பொறுமை, இவ்வளவே.

இல்லாத மொழிக்கு இத்தனைக் காவலராக நிற்கத் தெரிந்த உங்களுக்கு, இருக்கும் மொழிக்குக் காவலராக நிற்கத் தெரியாதா? தெரியும் என்று நம்பி விடைபெறுகிறேன்.

வெல்க தமிழ்!