ஜென்மியின் பெட்டியும் உழவனின் ரசீதும்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கேரளத்தில் ஆனைக்கரை என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று பாலக்காடு மாவட்டத்தின் மேற்கு எல்லையில், பாரதப்புழைக்கு அருகே இருக்கிறது. அது நெல்வயல் பூமி. மற்றொன்று இடுக்கி மாவட்டத்தில், நம் கம்பம் பள்ளத்தாக்கிற்கு மேலே, ஏலத்தோட்டங்களின் நடுவே இருக்கிறது. முதல் ஊர் அமைந்த மலபார் சமவெளியில் நிலம் பல நூற்றாண்டுகளாக ஜென்மிக் குடும்பங்களின் பிடியில் இருந்தது. இரண்டாவது ஊர் அமைந்த மலைநாட்டில் நிலத்தின் பெரும்பரப்பு தோட்ட முதலாளிகளின் கைக்குப் போயிற்று. இரண்டு இடங்களிலும் உடைமைக்குச் சான்றாக ஓலையும் காகிதமும் காட்டப்பட்டன. அவற்றை எழுதியவர் யார், காத்துவைத்தவர் யார், அவற்றில் இடம் பெறாதவர் யார் என்பதே இந்த உரையின் பொருள்.

கிரந்தவரி என்னும் ஆயுதம்

மலபாரின் பெரிய தறவாடுகளும் நம்பூதிரி இல்லங்களும் கோயில்களும் தம் கொடுக்கல் வாங்கல்களைப் பனையோலையில் எழுதிக் கட்டுக்கட்டாகப் பாதுகாத்தன. இவற்றுக்குக் கிரந்தவரி என்று பெயர். இவற்றில் சிலவற்றைக் கோழிக்கோடு பல்கலைக்கழகம் பதிப்பித்துள்ளது. வரலாற்றறிஞர் எம்.ஜி.எஸ். நாராயணன் பதிப்பித்த வஞ்ஞேரி கிரந்தவரி 1987இல் வெளிவந்தது. பாலக்காடு மாவட்டத்தில் ஷொரணூரை அடுத்த கவளப்பாறையின் ஆவணங்களையும், கண்ணூரின் கூடாளி கிரந்தவரியையும் பேராசிரியர் கே.கே.என். குரூப் பதிப்பித்தார்.

இந்தக் குடும்பங்கள் வரலாற்றின் மீது கொண்ட பற்றினால் ஓலைகளைக் காக்கவில்லை. காணம் என்பது குடியானவரிடமிருந்து முன்பணம் பெற்றுக்கொண்டு நிலத்தை விடும் முறை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த உரிமையைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. கட்ட இயலாதவரின் நிலத்தை, கூடுதல் பணம் தருபவருக்கு மேல்சார்த்து எழுதிக் கொடுத்துவிடலாம். ஆகவே பழைய ஓலை ஒவ்வொன்றும் அடுத்த வசூலுக்கான ஆயுதமாக இருந்தது. காரணவர் மாறினாலும் பெட்டி மாறவில்லை.

அந்தப் பெட்டியில் மனிதர்களும் இருந்தனர். 1800-1801இல் மலபாரில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், அங்கு அடிமைகள் ஜென்மம், காணம், பாட்டம் என்ற மூன்று வகைகளில் கைமாறியதைப் பதிவு செய்திருக்கிறார். விற்பனை, அடமானம், குத்தகை என்று நிலத்துக்கு வழங்கிய அதே சொற்கள்தாம் மனிதருக்கும் வழங்கின. இளம் கணவனும் மனைவியும் சேர்ந்து 250 முதல் 300 பணம் வரை விலைபோயினர். குத்தகைக்கு விட்டால் ஆணுக்கு ஆண்டுக்கு 8 பணம், பெண்ணுக்கு அதில் பாதி. நிலவுடைமையும் சாதிக் கொடுமையும் தனித்தனி அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

ஓலையை யார் எப்படிப் படித்தார்கள்?

1792இல் மலபார் ஆங்கிலக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. கம்பெனி அதிகாரிகள் ஜென்மியை ஐரோப்பிய நிலப்பிரபு போன்ற முழு உடைமையாளராகக் கொண்டனர். நீதிமன்றங்களும் அதே வழியில் சென்றன. குடியானவரை வெளியேற்றும் உத்தரவுகள் குவிந்தன. நிலத்தில் கொதிப்பும் மூண்டது. இதைப் பற்றி விசாரிக்க 1881இல் நியமிக்கப்பட்ட வில்லியம் லோகன் பழைய ஓலைகளைத் தேடித் திரட்டிப் படித்தார். ஜென்மம் என்பது மண்ணின் முழு உடைமை அல்ல, விளைச்சலில் ஒரு பங்குக்கான உரிமை மட்டுமே என்ற முடிவுக்கு அவர் வந்தார். உண்மையில் உழுபவருக்கு நிலையான உரிமை வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். அவர் ஏகாதிபத்தியத்தின் அதிகாரிதான். ஆயினும் ஜென்மி தன் உரிமைக்குக் காட்டிய அதே ஓலைகளிலிருந்து ஜென்மிக்கு எதிரான முடிவு பிறந்தது. அரசு அவர் பரிந்துரையின் சாரத்தை ஏற்கவில்லை. 1887இல், குடியானவர் செய்த நிலச் சீர்திருத்தங்களுக்கு இழப்பீடு தரும் சட்டத்தோடு நிறுத்திக்கொண்டது.

கவளப்பாறையின் கதை வேறொரு பாடம் தருகிறது. அக்குடும்பத்தின் சொத்து, தலைவரான மூப்பில் நாயருக்கு மட்டும் உரியதா, தறவாட்டின் அனைவருக்கும் பொதுவானதா என்ற வழக்கு 1934இல் ஒற்றப்பாலம் நீதிமன்றத்தில் தொடங்கிற்று. சென்னை உயர்நீதிமன்றம் தறவாட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1947இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. 1955இல் சென்னை சட்டமன்றம் தறவாட்டினருக்குச் சாதகமாக ஒரு சட்டம் இயற்றியது. 1960இல் உச்சநீதிமன்றம், சொத்துரிமையைக் காரணம் காட்டி, அதைச் செல்லாது என்று அறிவித்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் நீண்ட இந்த வழக்கில், நிலம் குடும்பத்துக்குள் யாருக்கு உரியது என்பதே கேள்வியாக இருந்தது. அந்த நிலத்தில் சேற்றில் இறங்கி நாற்று நட்டவர் ஒரு தரப்பாகக்கூடக் கருதப்படவில்லை.

ரசீது கேட்ட இயக்கம்

1930களில் மலபாரில் எழுந்த விவசாயி சங்கங்களின் கோரிக்கைகளை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். வாசி, நுரி, சீலக்காசு ஆகிய சட்டவிரோத வசூல்களை நிறுத்து என்றார்கள். முத்திரையிட்ட அளவையால் நெல்லை அள என்றார்கள். கொடுத்த பாட்டத்துக்கு ரசீது கொடு என்றார்கள். ரசீது சிறிய கோரிக்கையாகத் தோன்றலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஜென்மி மட்டுமே எழுதிவந்த கணக்கில், உழவனின் கையிலும் ஒரு துண்டுக் காகிதம் இருக்க வேண்டும் என்ற அறைகூவல் அது. ரசீது இருந்தால் நிலுவை என்று பொய் சொல்ல முடியாது. நிலுவையைக் காட்டி வெளியேற்றவும் முடியாது.

ஜென்மிக் குடும்பங்களில் பிறந்தும் மறுபக்கம் வந்து நின்றவர்கள் உண்டு. இளங்குளம் மனையில் பிறந்த தோழர் இ.எம்.எஸ். தம் குடும்பச் சொத்தை விற்றுக் கட்சிக்கு அளித்தார். 1939இல் நியமிக்கப்பட்ட மலபார் குடியான்மைக் குழுவில் உறுப்பினராக இருந்து அவர் எழுதிய மாறுபட்ட குறிப்பு, ஜென்மி முறையின் நியாயத்தையே கேள்விக்கு உள்ளாக்கியது. பாலக்காட்டு ஆனைக்கரையின் வடக்கத்துத் தறவாட்டிலிருந்து அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் அம்மு சுவாமிநாதன் வந்தார். அவருடைய மகள்தான் நேதாஜியின் படையில் ஜான்சிராணி பிரிவுக்குத் தலைமை ஏற்று, பின்னர் கம்யூனிஸ்டாக வாழ்ந்து, 2002இல் இடதுசாரிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்ற கேப்டன் லட்சுமி. ஆயினும் தனிமனிதர்களின் தியாகம் ஒரு வர்க்கத்தின் பெட்டியைத் திறந்துவிடாது. அதற்கு இயக்கமும் அரசதிகாரமும் தேவைப்பட்டன.

1957 ஏப்ரல் 5 அன்று பதவியேற்ற இ.எம்.எஸ். அரசு, ஆறே நாட்களில் குடியானவர் வெளியேற்றத்துக்குத் தடை விதித்தது. 1959 ஜூனில் விவசாய உறவுகள் மசோதா நிறைவேறியது. ஜூலை 31இல் அரசு கலைக்கப்பட்டது. நீண்ட போராட்டத்துக்குப் பின், 1969இல் திருத்தப்பட்ட நிலச்சீர்திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து ஜென்மி முறையை ஒழித்தது. எழுத்துச் சான்று இல்லாத பலரையும் குத்தகையாளராகக் கருத அச்சட்டம் வழி செய்தது. குடிகிடப்புக்காரருக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை மனை உரிமை கிடைத்தது. பெட்டியில் ஓலை இல்லாதவனின் உழைப்பே சான்று என்று சட்டம் ஒப்புக்கொண்டது. அதுதான் உண்மையான மாற்றம்.

மலையில் எழுதப்பட்ட பத்திரம்

ஆனால் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு தரப்பட்டது. இடுக்கியின் கண்ணன் தேவன் மலைகளை 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பம் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தது. அதற்கு ஈடு 5,000 ரூபாய் ரொக்கமும் ஆண்டுக்கு 3,000 ரூபாய் குத்தகையும். சுமார் 1,37,000 ஏக்கர் கொண்ட அந்த மலைகளைக் கேரள அரசு 1971இல் தனிச் சட்டத்தின் மூலம் எடுத்துக்கொண்டது. தேயிலை பயிரிட்ட நிலம் கம்பெனியிடமே விடப்பட்டது. காட்டைத் திருத்தித் தேயிலை நட்ட தமிழ்த் தொழிலாளரின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. ஒரு குடும்பத்தின் ஒரு கையெழுத்து ஒரு கம்பெனிக்கு மலையையே தந்தது. நான்கைந்து தலைமுறையின் உழைப்போ, ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டிய லயத்து அறையைத்தான் தந்தது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் லயங்களோடு புதைந்த 70 பேரை நினைத்தால், சொந்த மண் இல்லாமையின் விலை விளங்கும்.

நமக்கான வேலை

இன்று அந்தத் தறவாடுகள் பல பாழடைந்துவிட்டன. ஓலைகளைச் செல்லரிக்கிறது. தமிழ்நாட்டின் ஜமீன், மிராசு, மடங்களின் பழைய கணக்குகளுக்கும் இதே ஆபத்து உண்டு. அவை அடக்கியவர்களின் காகிதங்கள்தாமே, அழியட்டும் என்று விட்டுவிடுவது தவறு. அடக்கப்பட்டவர் எவ்வளவு நெல் அளந்தார், எத்தனை முறை மறுத்தார், எப்போது ஊரைவிட்டு ஓடினார் என்பதற்கும் பல இடங்களில் அந்தக் கணக்குகளே எஞ்சியிருக்கும் எழுத்துச் சாட்சி. அவற்றைப் பொது ஆவணக் காப்பகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் சேர்க்க வேண்டும். எவரும் படிக்கத் திறந்துவைக்க வேண்டும் என்றும் கோர வேண்டும்.

அதைவிட முக்கியமானது நம் பக்கத்துப் பெட்டி. விவசாயிகள் சங்கக் கிளையின் தீர்மானப் புத்தகம், வழக்குக் கட்டுகள், துண்டறிக்கைகள், சந்தா ரசீதுகள், மூத்த தோழர்களின் நினைவுகள் ஆகியவற்றை முறையாகத் தொகுக்க வேண்டும். தமிழ்நாட்டில் குத்தகையாளரைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் வாய்மொழியாக நிலத்தைப் பெற்று உழும் ஏராளமானோர் இன்றும் பதிவுக்கு வெளியே நிற்கின்றனர். பதிவு இல்லாதவருக்குப் பயிர்க்கடன் எளிதில் கிடைப்பதில்லை. வெள்ளம் வந்தால் நிவாரணமும் எளிதில் இல்லை. நிலப் பதிவேடுகள் கணினிக்குள் போன பிறகும், ஓலையில் விடுபட்ட பெயர் திரையிலும் விடுபட்டே இருக்கிறது. அந்தப் பெயர்களை ஊர் ஊராகச் சென்று எழுதி, பதிவுக்கு விண்ணப்பித்து, மறுக்கப்பட்டால் போராடுவதே கிளைகளின் உடனடிக் கடமை.