இரும்புக் கருவிகளுக்கு ஸ்பிரே பெயிண்ட்

பயிரில் பூச்சி விழுந்தால் உடனே மருந்து தேடி ஓடுகிறோம். கேஜ் வீலிலும் கலப்பைச் சட்டத்திலும் துரு ஏறினால் மட்டும், "இரும்புன்னா துருப்பிடிக்கத்தானே செய்யும்" என்று விட்டுவிடுகிறோம். கடன் வாங்கி எடுத்த கருவி, கடன் அடையும் முன்னே வெல்டிங் விட்டுப்போனால் நஷ்டம் யாருக்கு? ஆகவே, ஸ்பிரே பெயிண்ட் அடித்துக் கருவிகளைக் காக்கும் முறையை இன்று சொல்கிறேன்.

இரும்போடு தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் துரு வரும். உப்பும் சேர்ந்தால் வேகம் கூடும். பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருக்கிறது. யூரியாவோ காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். உரம் போடும் கருவியின் பெட்டி சீக்கிரம் அரித்துப்போவது இதனால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். துருவின் மேலேயே பெயிண்ட் அடித்தால், உள்ளே துரு பருத்து, பெயிண்டைச் செதில் செதிலாகத் தூக்கிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயிண்டானாலும் இதே கதிதான்.

எனவே முதல் வேலை சுத்தம். மண்ணைக் கழுவுங்கள். கிரீஸ் பிசுக்கை மண்ணெண்ணெய் அல்லது டீசல் தொட்டுத் துடையுங்கள். அதுவும் ஒரு பிசுக்கை விடும். சோப்புத்தண்ணீரில் அலசி, நன்றாக உலரவிடுங்கள். பிறகு கம்பி பிரஷ், உப்புத்தாள் கொண்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதனால் அதை உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வரவேண்டாம். கடைசியாகத் தின்னர் நனைத்த துணியால் ஒரு துடை துடையுங்கள்.

தேய்த்த அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். ராத்திரிப் பனியில் விட்டால் மறுபடி துரு பூக்கும். ரெட் ஆக்சைடு அடித்தாலே போதும் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. பிரைமர் மட்டும் தண்ணீரை முழுக்கத் தடுக்காது. அதன் மேல் இனாமல் பெயிண்ட் இரண்டு கோட் வேண்டும்.

ஓரங்களிலும் வெல்டிங் இணைப்புகளிலும் பெயிண்ட் மெலிந்து நிற்கும். அங்கே முதலில் பிரஷ்ஷால் ஒரு கை பூசிக்கொள்ளுங்கள். ஸ்பிரே கன்னை 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், நேராகப் பிடித்து, ஒரே சீராக நகர்த்துங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூடட்டும். ஒரே தடவையில் கனமாக அடித்தால் வழியும். மெல்லிசாக அடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காயவிட்டு, அடுத்த கோட் அடியுங்கள். அறுவடை முடிந்த பங்குனி மாதம், பனி ஈரம் உலர்ந்த பிறகு, நிழலில் அடிப்பது நல்லது.

எங்கே அடிக்கக்கூடாது? கொழுவிலும் மண்ணைப் புரட்டும் பலகையிலும் பெயிண்ட் ஒரே உழவில் தேய்ந்துபோகும். அங்கே கிரீஸ் தடவி வைத்தால் போதும். கிரீஸ் ஏற்றும் துளை, திருகு மரை, கருவி எண் உள்ள தகடு ஆகியவற்றைக் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். தின்னர் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி, அடுப்பு, வெல்டிங் எதுவும் ஆகாது. திறந்தவெளியில் நின்று, ஆவியைத் தடுக்கும் முகமூடி போட்டு அடியுங்கள். முகத்தில் துண்டு கட்டினால் ஆவி நிற்காது. இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்ட் ரொம்ப நாள் உழைக்கும், உண்மைதான். ஆனால் அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கும். அதை வீட்டில் அடிக்காதீர்கள். தனியாகக் காற்று வரும் முகமூடி உள்ள பட்டறையில் கொடுங்கள். மருந்தடிக்கும் கைத்தெளிப்பானில் பெயிண்ட் ஊற்றுவதும் கூடாது. தின்னர் பட்டால் வாஷர் கெட்டு, அப்புறம் மருந்து உங்கள் முதுகில்தான் ஒழுகும்.

அடித்தபின் மறந்துவிடாதீர்கள். வேலை முடிந்ததும் கழுவி, உலர்த்தி, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். கீறல் கண்டால் அன்றே தேய்த்துத் தொட்டுவிடுங்கள். காசு அளவு துருவை விட்டுவைத்தால் அது தட்டு அளவாகும். கோடை உழவுக்கு முன்னால் உங்கள் கருவியின் வெல்டிங் இணைப்புகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.