செட்டிகுளத்துக் காட்டுவழி



வேல்ஸ் நாட்டைப் பற்றி எழுதுவோர் அங்குள்ள சிறு வனங்களைப் பற்றிச் சொல்ல மறப்பதில்லை. ஓக் மரங்கள் நெருங்கி நிற்கும்; அடிமரமெங்கும் பாசி படர்ந்திருக்கும்; வசந்த காலத்திலே நிலமெல்லாம் நீலப் பூக்கள் விரிந்திருக்கும். ஓய்வு நாளிலே கைத்தடியோடு புறப்பட்டு, அத்தகைய வனமொன்றில் இரண்டு நாழிகை உலாவித் திரும்புவது அந்நாட்டாருக்குப் பெரும் இன்பம். அங்கே எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் 1949ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று, பொதுமக்களுக்கு நடக்கும் உரிமையுள்ள ஒற்றையடிப் பாதைகளைப் படத்திலே குறித்துவைக்கும்படி உள்ளூராட்சி மன்றங்களைப் பணித்தது. அவ்வாறு குறிக்கப்பட்ட பாதை ஒருவருடைய வயலுக்கு ஊடாகச் சென்றாலும், அவர் அதனைத் தம் விருப்பப்படி அடைத்துவிட இயலாது.

இன்று நான் பேச வந்த காட்டிலே பாதைக்கு அத்தகைய காவல் கிடையாது. மனிதர் நடந்தால் வழி உண்டு. ஒரு மாரி முழுவதும் ஒருவரும் நடவாவிட்டால், சூரையும் நாயுண்ணியும் படர்ந்து வழியை மூடிவிடும்.

வவுனியா மாவட்டத்தின் தென்மேற்கே, மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வழியில் இருப்பது செட்டிகுளம். 1914ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது எங்கள் ஊரும் புகைவண்டியைக் கண்டது. போரினாலே 1990இல் அது நின்றுபோயிற்று. மீண்டும் 2013இல் மடு வீதி வரைக்கும், 2015இல் தலைமன்னார் வரைக்கும் வண்டி ஓடத் தொடங்கியது. அதில் வருவோர் யன்னலூடாகக் காட்டைப் பார்க்கிறார்கள்; மடு மாதாவைத் தரிசிக்கவோ மன்னாருக்கோ போய்விடுகிறார்கள். காட்டைப் பார்ப்பதற்கென்றே செட்டிகுளத்தில் இறங்கிய ஒருவரை நான் இன்னும் கண்டதில்லை.

இறங்கினால் என்ன காணலாம்? முதலிற் சொல்லவேண்டியது, இது சிங்கராசவனம் போன்ற மழைக்காடன்று என்பதே. வடகீழ்ப் பருவமழை கொட்டும் சில மாதங்களைத் தவிர, ஆண்டின் பெரும்பகுதி இங்கு வரட்சிதான். ஆடி, ஆவணியில் சோளகக் காற்று அனலாக வீசும், மண் வெடிக்கும். ஆயினும் காடு பச்சையாகவே நிற்கும். பாலையும் வீரையும் சிறிய, தடித்த, பளபளப்பான இலைகளை உடையன. கிடைத்த நீரை எளிதில் விட்டுவிடாதவை. எங்கள் வன்னி மக்களின் சுபாவமும் ஏறக்குறைய அதுதான் என்று நண்பரொருவர் கேலியாகச் சொல்வதுண்டு.

பாலை இக்காட்டின் அரசன். மெல்ல மெல்ல வளர்ந்து இரும்பாக இறுகும் மரம். வீட்டுத் தூண் முதற்கொண்டு இருப்புப்பாதையின் சிலிப்பர்க்கட்டை வரை அது உதவியிருக்கிறது. ஆனி மாதத்தில் அதன் பழம் மஞ்சளாகப் பழுக்கும். தேன்போல் இனிக்கும், ஆனால் பத்துப் பழம் தின்றால் அதன் பாலினால் உதடுகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பருவத்தில் கரடிக்கும் இருவாய்ச்சிப் பறவைக்கும் மந்திக்கும் மனிதனுக்கும் ஒரே பந்தி. ஆகவே, பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போகிறவர் பேசிக்கொண்டே போவது நல்லது. திடீரென்று எதிர்ப்படும் மனிதனைக் கரடி மன்னிப்பதில்லை.

முதிரையையும் கருங்காலியையும் பற்றி நான் விரித்துரைக்கத் தேவையில்லை. அவற்றின் பெருமையை மரம் கடத்துவோர் நம்மைவிட நன்கு அறிவார்கள்.

காட்டுக்குள் நுழையுமுன் இலைக்கொத்தொன்றை முறித்து மரக்கிளையிலே தொங்கவிட்டு ஐயனாரை நினைத்துக்கொள்வது வன்னியின் பழைய வழக்கம். அதைக் கடந்து உள்ளே அரைக் கட்டை தூரம் நடந்தால், வீதியின் இரைச்சல் அற்றுப்போகும். காட்டுக்கோழி ஒருதரம் கூவும், மரங்கொத்தி தட்டும், பின் நெடுநேரம் ஒன்றுமிராது. தெற்கே சென்றால் அருவியாறு வரும். ரிட்டிகல மலைப்பக்கம் பிறந்து, அனுராதபுரத்தைக் கடந்து, 164 கிலோமீற்றர் நடந்து, மன்னார்க் கடலிலே விழும் ஆறு அது. சிங்கள மக்கள் மல்வத்து ஓயா என்பர். அதன் கரையிலே மருத மரங்கள் பருத்துக் குனிந்து நிற்கின்றன. கோடையில் மணற்படுகையின் நடுவே முழங்காலளவு நீர் சலசலத்து ஓடும். அந்த நிழலிலே இருந்து கட்டுச்சோறு உண்பதற்கு இணையான சுகம் எனக்கு வேறு தெரியாது.

இவ்வமைதியைக் கண்டு, இது ஆதிகாலந்தொட்டு மனிதன் கால்படாத வனம் என்று எண்ணுவோர் பலர். அந்த எண்ணம் தவறு. காட்டின் நடுவே நேராக நீண்டு கிடக்கும் ஒரு மேடு தென்படும். அதன்மேல் ஏறி நிற்பீர்களானால், ஒருபுறம் தாழ்ந்த நிலம். புல்லும் மருதும் மட்டும் வளர்ந்திருக்கும். காலடியிலே ஓட்டுச்சில்லும் செங்கல் துண்டும் கிடக்கும். நீங்கள் நிற்பது ஒரு குளக்கட்டு. வன்னியின் காடுகள் இத்தகைய பாழடைந்த குளங்களை மறைத்து வைத்திருக்கின்றன. பல நூற்றாண்டுகளுக்கு முன் நீர்ப்பாசனம் குலைந்தும், போரும் காய்ச்சலும் வந்தும் மக்கள் அகன்றார்கள். வயலின்மேல் காடு எழுந்தது. ஊரின் பெயரைக் கேட்டாலே இது விளங்கும். செட்டிகுளம், நேரியகுளம், முகத்தான்குளம், பாவற்குளம், ஆண்டியாபுளியங்குளம்: எங்கள் பக்கத்தில் குளத்தைவிட்டு ஊர் இல்லை.

எங்கள் காலத்திலும் காடு ஒருமுறை மக்களுக்கு அடைபட்டது. போர் நடந்த ஆண்டுகளிலே விறகுக்குச் செல்வதும் உயிர்ப்பயத்தோடுதான். வன்னியின் பல காடுகளில் மிதிவெடிகள் புதைந்தன. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் மரங்களிலே தொங்கின. செட்டிகுளப் பிரிவிலே மெனிக் பாம் முகாம் அமைந்தபோது பெரும்பரப்பில் காடு தள்ளப்பட்டது. இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசாமி, கதிர்காமர் என்று பெரியோர் பெயர் சூட்டிய பகுதிகளில், முட்கம்பிக்குள்ளே, இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் தகரத்தின் கீழும் கூடாரத்தின் கீழும் இருந்தார்கள். 2012 செப்ரெம்பரில் அது மூடப்பட்டது. அந்த வெளியிலே ஒரு பாலைமரம் முன்போல் நிற்பதைக் காண இப்போதிருக்கும் எவரும் உயிரோடு இருக்கப்போவதில்லை.

காட்டை விட்டு விலகியிருந்த அந்த இருபது ஆண்டுகளில் வளர்ந்தவர்களே இன்றைய மாணவரின் பெற்றோர். அவர்களுக்குக் காடு என்றால் போகக்கூடாத இடம். அந்த எச்சரிக்கையையே பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

சென்ற ஆனியிலே உயர்வகுப்பு மாணவர் சிலரை, வேண்டிய அனுமதி பெற்று, ஆற்றங்கரைவரை அழைத்துச் சென்றேன். தேன் எடுப்பதில் முதிர்ந்த பெரியவர் ஒருவர் முன்னே நடந்தார். பிள்ளைகள் பாலைப்பழத்தை நன்கு அறிவார்கள்; வீதியோரத்தில் சுண்டு கணக்கில் வாங்கித் தின்றவர்கள். பாலைமரம் எது என்று கேட்டேன். ஒரு மாணவி துணிந்து ஒரு மரத்தைக் காட்டினாள். பெரியவர் சிரித்தார்.

“உது வீரை, பிள்ளை. அடிமரத்திலை பொந்தைப் பாருங்கோ. பாலை அங்காலை நிக்குது.”

“எப்பிடி அப்பு தூரத்திலேயே தெரியுது?” என்றாள் அவள்.

“தெரியாமல்? நான் தேன் எடுத்த மரமெல்லோ.”

மேலும் ஒரு கட்டை தூரம் சென்றதும், நான் முன்பு சொன்னது போன்றதொரு குளக்கட்டின்மேல் நின்று, அதன் பெயரையும், கீழே யாருடைய வயல் இருந்ததென்று தம் பாட்டனார் சொன்னதையும் அவர் எடுத்துரைத்தார். நான் கொண்டுசென்ற படத்திலே அந்த இடம் வெறும் பச்சை நிறம்.

இது பழங்கதை கேட்கும் ஆசை மட்டுமன்று. போருக்குப் பின்னர் வன்னியின் பல இடங்களில் வனத்தின் எல்லைக்கற்கள் நடப்பட்டபோது, தங்கள் வயலும் சிறுகுளமும் கற்களுக்கு உட்புறம் போய்விட்டன என்று ஊரவர் முறையிட்டார்கள். எஞ்சிய காடாவது தப்பவேண்டும் என்பது அதிகாரிகளின் வாதம். அவ்வாதத்தை நான் இகழமாட்டேன். காடு அழிந்தால் குளத்துக்கு நீர் வராது. ஆனால், இரு சாராரும் மேசையைச் சுற்றி அமரும்போது, இடம்பெயர்வுகளில் உறுதிகளையும் பத்திரங்களையும் இழந்த ஏழைக் கமக்காரனுக்கு எஞ்சியிருக்கும் சான்று எது? இந்தக் கட்டுக்கு இன்ன பெயர், இந்த வழியாக இன்னார் வண்டில் விட்டார் என்று சொல்லத்தக்க ஒரு முதியவரின் வாய்மொழியே. அந்த முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே பிள்ளைகள் இப்போது ஒரு கொப்பியிலே குளப்பெயர்களையும் வழிகளையும் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு பெயர்களுக்கு எழுத்துக்கூட்டல் பற்றி அவர்களுக்குள்ளே சண்டை இன்னும் முடியவில்லை. வடக்கே மேலும் இரண்டு குளங்கள் உண்டென்று பெரியவர் சொல்கிறார். ஒன்றுக்கு உழவு இயந்திரத்திலே போகலாமாம். மற்றதற்கு நடந்துதான் போகவேண்டும். அவருக்கு முழங்கால் நோவு. மாரி தொடங்குமுன் போய்வரவேண்டும் என்று நாள் பார்த்திருக்கிறோம்.