மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை

யாழ்ப்பாண நகருக்கு வடமேற்கே சில கல் தொலைவில் உள்ளது மானிப்பாய். அவ்வூரில் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவரின் பெயரைத் தாங்கி ஒரு வைத்தியசாலை நிற்கின்றது. அயலூர் மக்கள் அதனை மானிப்பாய் ஆஸ்பத்திரி என்றே சொல்லி வந்தனர். நோய் தீர்த்தமை மட்டுமே அதன் பெருமையாயின், அத்தகைய வைத்தியசாலைகள் பலவற்றுள் இதுவும் ஒன்றெனக் கூறி அமையலாம். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, தமிழிலேயே நூலாக்கி, தமிழறிந்த வைத்தியரைக் கிராமங்களுக்கு அனுப்பிய இடம் அது என்பதனாலேயே, நேயர்கள் அதன் வரலாற்றைச் சற்று விரிவாகக் கேட்டல் தகும்.

அமெரிக்க மிஷனார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கினர். சில ஆண்டுகளில் வந்து சேர்ந்த டாக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் இருந்து வைத்தியம் செய்தார். 1836இல் அவர் சென்னைக்குச் சென்றார். டாக்டர் நேதன் வார்ட் வட்டுக்கோட்டையிற் பணியாற்றி 1846இல் விடைபெற்றார். அவ்விடத்தை நிரப்பவே 1847இல் கிறீன் வந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரம் அவர் பிறந்த ஊர். முதலில் வட்டுக்கோட்டையிலே தங்கிய அவர், அடுத்த ஆண்டில் மானிப்பாய்க்கு இடம் மாறினார். வைத்தியசாலையின் வரலாறு அங்குதான் தொடங்குகின்றது.

வந்த அடுத்த ஆண்டிலேயே அவர் மாணாக்கரைச் சேர்த்துக் கற்பிக்கலானார். குடாநாடு முழுவதற்கும் ஒரு வைத்தியர் போதாரென்பதை அவர் விரைவிற் கண்டுகொண்டார் போலும். அரசாங்க அதிபர் டைக் துரையின் ஆதரவில் 1850இல் யாழ்ப்பாண நகரில் எழுந்த வைத்தியசாலையிலும் அவருடைய கை இருந்தது. அதுவே பிற்காலத்தில் பெரியாஸ்பத்திரியாக வளர்ந்தது.

தொடக்கத்திற் போதனை ஆங்கிலத்திலேயே நடந்தது. அதன் விளைவு கிறீன் எதிர்பாராததன்று என்றாலும், அவர் விரும்பியதன்று. ஆங்கிலத்தில் வைத்தியம் பயின்ற இளைஞர் அரசாங்க உத்தியோகம் பெற்றுக் கொழும்புக்கும் மலைநாட்டுக்கும் போயினர். காய்ச்சலிலும் பேதியிலும் வருந்திய கிராமத்தவர் முன்போலவே இருந்தனர். உத்தியோகம் தேடிய இளைஞரைக் குறை கூறுதல் முறையன்று; குடும்பத்தைத் தாங்க வேண்டியவர் சம்பளத்தை நாடியே தீருவர். ஆனால் கிராமத்துக்கு வைத்தியர் வேண்டுமாயின் வேறு வழி காண வேண்டியதாயிற்று. 1864ஆம் ஆண்டளவில் கிறீன் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். மாணாக்கர் தம் உடையையும் உணவையும் விட்டு மேனாட்டார் கோலம் பூணுதலை அவர் விரும்பவில்லை. ஊராரோடு ஒருவராய் இருப்பவரிடமே ஊரார் தம் நோயைச் சொல்வர் என்பதை அவர் அறிந்திருந்தார். அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர்.

தமிழிற் கற்பிப்பதற்குத் தமிழில் நூல் வேண்டுமன்றோ? பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. இரண வைத்தியம் துருயிற் என்பாரின் சத்திர சிகிச்சை நூலைத் தழுவியது. மாணாக்கர் சிலரும் மொழிபெயர்ப்பில் துணைநின்றனர். அச்சேறியவை யாவும் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்படும்.

இந்நூற் பெயர்களை உற்று நோக்கினால் கிறீன் கைக்கொண்ட முறை புலப்படும். ஒரு பொருளுக்குத் தமிழில் வழங்கும் சொல் உண்டா என்று முதலிற் பார்ப்பார். இல்லையாயின் வடமொழியை நாடுவார். அங்கும் கிடையாதாயின் ஆங்கிலச் சொல்லைத் தமிழோசைக்கு இணக்கி எடுத்துக்கொள்வார். அங்காதிபாதம் நாட்டு வைத்தியரிடையே முன்னரே வழங்கிய சொல். இரணமும் பிரசவமும் வடமொழி வழி வந்து தமிழர் நாவிற் பழகியவை. கெமிஸ்தமோ ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஈறு சேர்த்து ஆக்கியது. இன்று காதுக்கு அது விநோதமாகப் படலாம். நமக்கு இரசாயனம் என்னும் சொல் பழகிவிட்டது. எனினும் கலைச்சொல்லுக்குக் குழு கூடி விவாதிக்கும் வசதி எதுவும் இல்லாத காலத்தில், நோயாளரைப் பார்த்த நேரம் போக எஞ்சிய நேரத்தில் ஒருவர் செய்த வேலை இது என்பதை மறத்தலாகாது.

இம்முயற்சிக்கு ஒரு குறையும் இருந்தது. இரண வைத்தியம் வெளிவந்த அதே 1867இல்தான், புண்ணிற் கிருமி சேராது காக்கும் முறையைப் பற்றி லிஸ்ரர் பிரித்தானியாவில் எழுதினார். சில ஆண்டுகளிற் சத்திர சிகிச்சையின் போக்கே மாறியது. அச்சுக்கூடத்தை விட்டு வெளிவரும்பொழுதே தமிழ் நூல் பழையதாகத் தொடங்கிவிட்டது. ஆங்கில நூலாயின் அடுத்த பதிப்பில் திருத்தம் பெறும். தமிழ் நூலைத் திருத்துவதற்கு ஒரு கிறீன் தொடர்ந்து இருக்க வேண்டும். 1870இற் கொழும்பில் வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கியது. பட்டமும் பதவியும் அங்கே கிடைத்தன. மானிப்பாயின் தமிழ் வகுப்பு அதனோடு நெடுநாள் போட்டியிடல் இயலாததாயிற்று. தமிழ் மொழி வைத்தியத்தைத் தாங்காது என்று இதனைக் கொண்டு முடிவு கட்டுவோர் உளர். அது சரியன்று. தாங்கியதற்கு அந்நூல்களே சான்று. தொடர்ந்து புதுப்பிக்க ஆளும் பணமும் இல்லாமற்போயின என்பதே உண்மை.

கிறீன் 1873இல் நோயுற்ற உடலோடு தாயகம் திரும்பினார். வூஸ்ரரில் இருந்தபடியே தமிழ் நூல்களை நோக்கி வந்தார். மனுஷ சுகரணம் 1883இல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டில் அவர் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்ற செய்தி அவருடைய கல்லறைக் கல்லிற் பொறிக்கப்பட்டது. இந்து பதார்த்த சாரம் அவர் மறைவுக்குப் பின்னர் 1888இல் அச்சேறியது.

மானிப்பாய்க்கு 1893இல் தோமஸ் ஸ்கொட் என்பாரும் அவர் மனைவியார் மேரி ஸ்கொட்டும் வந்தனர். இருவரும் வைத்தியர். ஆண் வைத்தியர் முன் வரக் கூசிய பெண்களுக்கு இது பெரும் ஆறுதல். இதே தேவையை எண்ணி, லீச் சகோதரிமாரின் முயற்சியால், 1898இல் அயலூரான இணுவிலிற் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. மானிப்பாயிலே தாதிமார் பயிற்சியும் நடைபெற்றது.

போர்க்காலம் இவ்வைத்தியசாலையையும் விட்டு வைக்கவில்லை. 1995இல் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தபொழுது மானிப்பாயும் வெறிச்சோடியது. மக்கள் மீண்டு வந்த பின்னரும் வைத்தியருக்கும் கருவிகளுக்கும் பஞ்சம் நெடுங்காலம் நீடித்தது. போர் முடிந்த பின், கடல் கடந்து வாழும் ஊரவரும் கைகொடுக்க, கட்டடங்கள் திருத்தம் பெற்றன. காலையில் மருந்துக்குக் காத்திருப்போர் அங்கே மீண்டும் வந்து அமர்ந்தனர்.